முழங்கால் வலியும் பெத்சதா குளமும்

(தாத்தா பாட்டியர் மற்றும் முதியோர் உலக நாளையொட்டி வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)

  

திருப்பலியில் எழுந்தேற்ற மணி அடித்ததும் கோவில் முழுவதும் முழந்தாளிடும் ஓசை கேட்கும். கூடவே இன்னோர் ஓசையும் கேட்கும். முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ‘மாதாவே’ என்று பெருமூச்சு விட்டு, பாதி குனிந்த நிலையிலேயே நின்றுவிடும் பெரியவர்களின் ஓசை அது. பத்து ஆண்டுகளுக்கு முன் நம் கோவில்களின் பின்பக்கம் நான்கைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள்தான் கிடந்தன. இன்று இரண்டு வரிசை போட்டாலும் போதவில்லை. நம் வீடுகளிலும் இதே கதைதான். மூட்டு தேய்ந்துவிட்டது, ஆபரேஷன் செய்யலாமா வேண்டாமா என்ற பேச்சு நடக்காத குடும்பம் குறைவு.

இது மருத்துவர் பேச வேண்டிய காரியம், மறையுரையில் எதற்கு என்று நினைக்கலாம். ஆனால் முழங்கால் வலியால் கோவிலுக்கு வருவதையே நிறுத்திவிட்ட ஒருவரை நாங்கள் சந்தித்தோம். அன்றுமுதல் இது மறையுரைக்கும் உரிய காரியம்தான் என்று எங்களுக்குத் தோன்றியது.

கடற்கரைப் பங்கு ஒன்றில், எழுபத்தொரு வயதுப் பாட்டி. நாற்பது ஆண்டுகள் தலைச்சுமையாக மீன்கூடை சுமந்து, தெருத்தெருவாய் விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கியவர். பூசைக்குத் தவறாதவர். திடீரென்று ஞாயிறுகளில் அவரைக் காணவில்லை. அன்பியத்தில் யாரோடோ மனத்தாங்கல் என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். நாங்களும் அப்படியே எண்ணினோம். முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு சென்றபோது அவர் வீட்டிலும் நுழைந்து விசாரித்தோம். தயங்கித் தயங்கிச் சொன்னார்:

“முட்டு போட முடியாதவளுக்குக் கோயில்ல என்ன சோலி, சாமி? ஆண்டவர் எழுந்தேறும்போது நாற்காலியில உக்காந்திருந்தா, ராணி மாதிரி இருக்கேனேன்னு வெக்கமா இருக்கு. இந்தக் காலாலதான் வேளாங்கண்ணி மண்ணுல மாதா குளம் வரைக்கும் முட்டு போட்டே போனேன், என் மூத்தவன் காய்ச்சல்ல கிடந்தப்போ.”

வேளாங்கண்ணியில் அந்த மணல் பாதையைப் பார்த்தவர்களுக்கு அது எத்தனை தூரம் என்று தெரியும். நேர்ச்சையை நிறைவேற்றிய அதே முழங்கால்கள் இன்று ஒரு படி ஏற விடாமல் அவரை நிறுத்தியிருந்தன. அவர் வெட்கப்பட்டு வீட்டிலிருந்தார். நாங்களோ அவர் கோபத்தில் இருப்பதாக எண்ணிக்கொண்டோம். அந்தக் குற்றத்தை முதலில் ஏற்றுக்கொள்கிறோம்.

வீட்டில் என்ன பேச்சு நடக்கிறது என்று கேட்டோம். குவைத்தில் இருக்கும் மூத்த மகன், “செலவை நான் பாத்துக்கிறேன், உடனே ஆபரேஷனை முடிங்க” என்று தொலைபேசியில் அவசரப்படுத்துகிறார். ஊரில் இருக்கும் இளைய மகன், “இந்த வயசுல கத்தி வைக்கணுமா?” என்று அஞ்சுகிறார். பக்கத்து வீட்டுக்காரர், தன் சம்பந்தி ஆபரேஷனுக்குப் பிறகு மான்போல் நடக்கிறார் என்கிறார். எதிர்வீட்டுக்காரர், தன் நாத்தனாருக்கு வலி இன்னும் தீரவில்லை என்கிறார். செபக்குழுவில் ஒருவர், “விசுவாசம் இருந்தா ஆபரேஷன் எதுக்கு?” என்றாராம். இன்னொருவர், “வலியை உத்தரிக்கிற ஆன்மாக்களுக்காக ஒப்புக்கொடுத்துப் பொறுத்துக்கோ” என்றாராம்.

எல்லாரும் பேசியிருந்தார்கள். ஆனால் “உனக்கு என்ன வேண்டும்?” என்று பாட்டியை யாருமே கேட்கவில்லை.

அன்பர்களே, யோவான் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். எருசலேமில் பெத்சதா என்ற குளம். ஐந்து மண்டபங்கள். பார்வையற்றோர், கால் ஊனமுற்றோர், உடல் தளர்ந்தோர் அங்கே கூட்டமாய்க் கிடக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் 38 ஆண்டுகளாக நோயுற்றவர். இயேசு அவரிடம் வருகிறார். குணமாக்கும் வல்லமை அவரிடம் இருக்கிறது; அந்த மனிதர் நெடுங்காலம் அந்நிலையில் இருப்பதும் அவருக்குத் தெரியும். ஆயினும் குணமாக்குமுன் அவர் செய்தது ஒன்று: நலம் பெற விருப்பம் உண்டா என்று அந்த மனிதரையே கேட்டார். முப்பத்தெட்டு ஆண்டுகள் படுத்திருப்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வியா என்று நமக்குத் தோன்றும். ஆண்டவருக்கு அது தேவையான கேள்வியாக இருந்தது. உடல் அவருடையது, விருப்பமும் அவருடையது. இறைமகனே கேட்டுவிட்டுத்தான் குணமாக்கினார்.

அந்த மனிதர் சொன்ன பதிலையும் கவனியுங்கள். விருப்பம் உண்டு, இல்லை என்று அவர் சொல்லவில்லை. தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஆள் இல்லை என்றுதான் முறையிட்டார். நோயைவிட, துணைக்கு ஆளில்லாததே அவருக்குப் பெரிய நோயாக இருந்தது.

முதுமையில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையைப் பற்றித் தீர்மானிக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இந்த இரண்டும் போதும் என்று நினைக்கிறோம். ஒன்று, அவருக்கு என்ன வேண்டும் என்று அவரையே கேட்பது. இரண்டு, அவர் எதைத் தேர்ந்தாலும் உடனிருக்க ஆளாவது.

முதலில், பாட்டியின் மனத்தைக் குழப்பிய குரல்களுக்குத் திருச்சபை என்ன பதில் தருகிறது என்று பார்ப்போம்.

விசுவாசம் இருந்தால் மருத்துவம் எதற்கு என்ற குரல் விவிலியத்தின் குரல் அல்ல. சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். மருத்துவரை மதிக்கச் சொல்கிறது. அவரை ஏற்படுத்தியவர் ஆண்டவரே என்கிறது. மருந்துகளை மண்ணிலிருந்து விளையச் செய்தவரும் அவரே என்கிறது. நோயுற்றால் மன்றாடு, அதோடு மருத்துவருக்கும் இடம் கொடு என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. நற்செய்தி எழுதிய லூக்காவே மருத்துவர்தான்.

வலியைப் பொறுத்துக்கொள்வதே புண்ணியம் என்ற குரலுக்கு, கெத்சமனித் தோட்டத்தைக் காட்டுவோம். அங்கே முழந்தாள்படியிட்ட நம் ஆண்டவர், துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகல வேண்டும் என்றுதான் முதலில் வேண்டினார். அதன் பிறகுதான் தந்தையின் விருப்பத்துக்குத் தம்மைக் கையளித்தார். தீர்க்க முடியாத வலியை ஒப்புக்கொடுப்பது பெரிய அருள். தீர்க்க வழியுள்ள வலியையும் தீர்க்காமல் வைத்திருக்க வேண்டும் என்று கடவுள் யாரிடமும் கேட்கவில்லை. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957ஆம் ஆண்டிலேயே மயக்கவியல் மருத்துவர்களிடம், வலி தணிக்கும் மருந்தை நாடுவது நெறிக்கு உகந்ததே என்று தெளிவாக எடுத்துரைத்தார்.

மருத்துவம் வளர்ந்துவிட்டது, கட்டாயம் செய்துகொள்ள வேண்டும் என்பது மூன்றாம் குரல். அதுவும் முழு உண்மை அல்ல. உடல்நலத்தைப் பேணுவது நம் கடமை. ஆனால் கிடைக்கும் எல்லாச் சிகிச்சையையும் செய்துகொண்டே ஆக வேண்டும் என்று திருச்சபை யார்மேலும் சுமத்தவில்லை. சிகிச்சையின் ஆபத்து, செலவு, நோயாளியின் உடல் வலிமை, மன வலிமை ஆகியவற்றை அதனால் வரக்கூடிய நன்மையோடு நிறுத்துப் பார்க்கலாம் என்பதே நம் மரபு. மூட்டு மாற்று சிகிச்சை உயிர் காக்கும் அவசர சிகிச்சை அன்று. வாழ்வை எளிதாக்கும் சிகிச்சை. ஆகவே, வேண்டும் என்பவரும் பாவி அல்லர், வேண்டாம் என்பவரும் பாவி அல்லர்.

இரண்டு திருத்தந்தையரை நினைத்துப் பாருங்கள். புனித இரண்டாம் யோவான் பவுல் 1994 ஏப்ரலில் குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். இடுப்பு மூட்டில் செயற்கை மூட்டு பொருத்தப்பட்டது. அதன்பின் கைத்தடி ஊன்றியே நடந்தாலும், 2000ஆம் ஆண்டில் புனித நாட்டுக்குத் திருப்பயணம் சென்று வந்தார்.

திருத்தந்தை பிரான்சிசுக்கு 2022இல் வலது முழங்காலில் கடும் வலி. மே மாதம் முதல் சக்கர நாற்காலியில் வந்தார். அறுவை சிகிச்சை செய்துகொள்ளவில்லை. முந்தைய ஆண்டு குடல் அறுவை சிகிச்சைக்காகக் கொடுக்கப்பட்ட மயக்க மருந்தின் விளைவுகள் இன்னும் தம்மிடம் இருப்பதாக, கனடாவிலிருந்து திரும்பும் விமானத்தில் செய்தியாளர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். அதே கனடா பயணத்தில், ஜூலை 26, புனித சுவக்கீன் அன்னம்மாள் விழாவன்று, புனித அன்னம்மாள் பெயர் தாங்கிய ஏரிக்கரைக்குச் சக்கர நாற்காலியில் சென்று அந்த நீரை ஆசீர்வதித்தார். ஒருவர் மூட்டு மாற்றிக்கொண்டார். மற்றவர் வேண்டாம் என்றார். இருவரும் தங்களுக்குத் தரப்பட்ட பணியைத் தொடர்ந்து செய்தார்கள்.

மீண்டும் பாட்டியிடம் வருவோம். அவர் விருப்பத்தைக் கேட்டபோது உடனே சொன்னார்: “முட்டு போடணும் சாமி. அதுக்காகவே ஆபரேஷன் பண்ணிக்கிடலாம்னு இருக்கேன்.” அடுத்த வாரம் இளைய மகனும் மருமகளும் அவரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். பாட்டி கேட்டுக்கொண்டதால் நாங்களும் கூடப் போனோம்.

எக்ஸ்ரே படத்தைக் காட்டி மருத்துவர் பொறுமையாக விளக்கினார். எலும்பு முனைகளை மூடி மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்துபோய், எலும்போடு எலும்பு உரசுகிறது. அறுவை சிகிச்சையில் முழங்காலையே வெட்டி எடுப்பதில்லை. தேய்ந்த முனைகளை மட்டும் சீவி எடுத்துவிட்டு உலோகக் கவசம் பொருத்தி, நடுவே உறுதியான பிளாஸ்டிக் தகடு வைக்கிறார்கள். பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்கிறார்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைப்பார்கள். நல்ல மூட்டு நெடுநாள் உழைக்கும். 2019இல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட மூட்டுகள் 25 ஆண்டுகள் தாங்குகின்றன.

மறுபக்கத்தையும் அவர் மறைக்கவில்லை. கிருமித் தொற்று நூற்றில் ஓரிருவருக்கு வரலாம். காலில் இரத்தம் உறைந்து கட்டியாகலாம். பத்துப் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு வலி முழுதாகத் தீர்வதில்லை. சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். பல்லில் சீழ், காலில் புண் இருந்தால் முதலில் அவற்றை ஆற்ற வேண்டும். முதல் ஆறு வாரங்கள் கடினம். காலை மடக்கி நீட்டும் பயிற்சியைக் கண்ணீரோடு செய்ய வேண்டியிருக்கும். முழுதாகத் தேற ஓர் ஆண்டும் ஆகலாம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பாட்டி ஒன்றே ஒன்று கேட்டார்: “முட்டு போட முடியுமா டாக்டர்?”

மருத்துவர் சற்றுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: “நல்லா நடக்கலாம் பாட்டி. படி ஏறலாம். ஆனா தரையில சம்மணம் போடுறது, குத்த வைக்கிறது வேண்டாம். முட்டு போடுறது நிறையப் பேருக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். அதை நம்பி நீங்க ஆபரேஷனுக்கு வரக்கூடாது.”

வீடு திரும்பும்வரை ஆட்டோவில் பாட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் ஆசை அதோடு முடிந்துவிட்டது என்று நாங்கள் எண்ணினோம். அதிலும் தவறினோம். பத்து நாள் கழித்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

“யோசிச்சுப் பாத்தேன் சாமி. முட்டு போடாட்டியும் ஆண்டவர் என்னை விட்டுறமாட்டார். ஆனா அடுத்த தெருவுல எங்க அக்கா படுத்த படுக்கையா கிடக்கா. அவ வீட்டுக்கு மூணு படி. அந்த மூணு படி ஏற முடியாம எட்டு மாசமா நான் அவ முகத்தைப் பாக்கலை. அவளுக்கும் எனக்கும் இன்னும் எத்தனை நாளோ. அந்த மூணு படிக்காகப் பண்ணிக்கிடுதேன்.”

நாங்கள் கேட்ட முதல் கேள்விக்கு அவர் தந்த உண்மையான பதில் இதுதான். பத்து நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. பெரியவர்கள் உள்ளத்தில் இருப்பது உடனே வெளியே வருவதில்லை. நம் பிள்ளைகள் தொலைபேசியில் ஐந்து நிமிடத்தில் முடிவெடுக்கச் சொல்லும்போது, இந்தப் பத்து நாளை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இனி இரண்டாம் கேள்வி: ஆள் யார்? வெளிநாட்டிலிருந்து பணம் வந்துவிடும். இரவில் எழுப்பிக் கழிவறைக்கு அழைத்துப்போகப் பணம் வராது. எல்லாரும் மாமியாரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். ஆறு வாரம் உடனிருக்கப் போகும் மருமகளைக் கேட்க மறந்துவிட்டோம். அவரோ மீன் கம்பெனியில் தினக்கூலி. வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. அவர் மெல்லிய குரலில் சொன்னபோதுதான் எங்களுக்கு உறைத்தது. வின்சென்ட் தே பவுல் சபையினர் அந்த ஆறு வாரத்துக்கு அரிசி, மளிகை பொறுப்பேற்றார்கள். மரியாயின் சேனைச் சகோதரிகள் பகல் முறை வைத்துக்கொண்டார்கள். குவைத் மகன் தங்கையை ஒரு மாதத்துக்கு வரவழைத்தார். அப்படித்தான் வலது காலில் அறுவை சிகிச்சை நடந்தது.

பயிற்சி நாள்களில் பாட்டி அழுதார். ஏன் இதற்கு ஒத்துக்கொண்டோம் என்று எங்களையும் திட்டினார். அவ்வளவையும் கேட்டுக்கொண்டிருப்பதும் உடனிருப்பின் ஒரு பகுதிதான். நான்காம் மாதம் ஒருநாள் மாலை, மருமகளின் தோளில் ஒரு கையும் கைத்தடியில் ஒரு கையுமாக அந்த மூன்று படிகளை ஏறினார். அக்கா கட்டிலில் படுத்தபடியே, “வர்றதுக்கு இவ்வளவு நாளா?” என்று கேட்டாராம். இருவரும் அன்று மாலை சேர்ந்து செபமாலை சொன்னார்கள். ஐந்து மாதம் கழித்து அந்த அக்கா இறைவனடி சேர்ந்தார். அதுவரை தங்கை போகாத நாள் குறைவு.

அதே பங்கில் இன்னொருவரையும் சொல்ல வேண்டும். எண்பத்து மூன்று வயது உபதேசியார் ஐயா. இரண்டு முழங்காலும் தேய்ந்தவை. இதயமும் பலவீனம். அறுவை சிகிச்சை செய்யலாம், ஆனால் ஆபத்து கூடுதல் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். ஐயா நன்றாகச் சிந்தித்து, வேண்டாம் என்றார். “எனக்குக் கட்டில்லருந்து திண்ணை வரைக்கும் நடந்தாப் போதும். பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுக்க அதுக்கு மேல என்ன வேணும்?” என்றார்.

ஊர் சும்மா இருந்ததா? “அப்பாவுக்குச் செலவு செய்ய மகனுக்கு மனசு இல்லை” என்று பேசியது. அந்த மகன் எங்களிடம் வந்து கண்கலங்கினார். அன்பர்களே, அடுத்த வீட்டு முழங்காலைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதிருப்போம். செய்துகொண்டவரை ஆடம்பரம் என்றோ, செய்யாதவரின் பிள்ளைகளைக் கஞ்சர் என்றோ சொல்ல நமக்கு உரிமை இல்லை.

அறுவை சிகிச்சை வேண்டாம் என்றால் ஒன்றுமே செய்யாமல் இருப்பது என்று பொருள் அல்ல. உபதேசியார் ஐயாவுக்கு மருத்துவர் கற்றுக்கொடுத்ததை நாமும் கேட்டுக்கொள்வோம். உட்கார்ந்தபடியே காலை நேராக நீட்டிப் பிடித்துத் தொடைத் தசையை வலுவாக்குவது. கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிப்பது. நம்மில் பலர் மாற்றிப் பிடிக்கிறோம். உயரமான கழிப்பறை இருக்கை, சுவரில் பிடிமானக் கம்பி. பருமன் உள்ளவர்கள் எடையைக் குறைப்பது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. கடையில் தாமாக வலிமாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்காதிருப்பது. வயிற்றையும் சிறுநீரகத்தையும் அது கெடுக்கும். இவற்றை உண்மையாய்ச் செய்து பார்த்த பிறகும், தூக்கம் கெடும் அளவுக்கு வலி இருந்தால், அறுவை சிகிச்சையைப் பற்றி எண்ணலாம்.

செலவு ஒன்றே தடையாக இருப்பவர்களுக்கும் ஒரு சொல். செயற்கை முழங்கால் மூட்டின் விலைக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு விதித்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சை நடக்கிறது. 70 வயது நிறைந்தவர்களுக்கு, வருமானம் பாராமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான காப்பீடு 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது. வட்டிக்கு வாங்குமுன், நகையை அடகு வைக்குமுன், மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால் அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். அதுவும் பெற்றோரை மதிப்பதுதான்.

இறுதியாக, பங்குச் சமூகமாக நாம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 2019 ஏப்ரலில் தென் சூடான் நாட்டுத் தலைவர்கள் வத்திக்கானுக்கு வந்தபோது, அமைதி காக்கும்படி கேட்டுத் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள்முன் மண்டியிட்டுப் பாதங்களை முத்தமிட்டார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2024 பெரிய வியாழனன்று உரோமைப் பெண்கள் சிறைச்சாலையில் பாதம் கழுவச் சென்றபோது அவரால் மண்டியிட இயலவில்லை. என்ன செய்தார்கள்? பன்னிரண்டு பெண்களின் இருக்கைகளையும் உயர்ந்த மேடைமேல் வைத்தார்கள். திருத்தந்தை சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே ஒவ்வொருவர் பாதமாகக் கழுவி முத்தமிட்டார். அவர் முழங்கால் தாழ முடியாதபோது, சுற்றியிருந்தவர்கள் மேடையை உயர்த்தினார்கள்.

நம் பங்கிலும் அதைச் செய்யலாம். பின்பக்கம் ஒதுங்கிக் கிடக்கும் நாற்காலிகளைப் பீடத்துக்கு அருகே கொண்டுவரலாம். வாசற்படிகளில் பிடிமானக் கம்பி வைக்கலாம். ஒரு சாய்தளம் கட்டலாம். நற்கருணைக்கு அவர்கள் வரிசையில் நிற்கவேண்டாம், குருவே அவர்களிடம் செல்லலாம். உடல்நலக் குறைவால் முழந்தாளிட இயலாதவர்கள், எழுந்தேற்றத்துக்குப் பின் குரு முழங்கால் மடித்து வணங்கும்போது தாழ்ந்து தலைவணங்கினால் போதும் என்று திருவழிபாட்டு ஒழுங்குமுறையே சொல்கிறது. இதைக் கோவிலில் உரக்கச் சொல்லிவையுங்கள். தெரியாததால் எத்தனை பேர் வெட்கப்பட்டு வீட்டிலேயே இருக்கிறார்களோ!

மீன்கூடை சுமந்த பாட்டி இப்போது முன்வரிசை நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். மணி அடிக்கும்போது, நெற்றி கைத்தடியைத் தொடும் அளவுக்குக் குனிந்து வணங்குகிறார். இடது முழங்கால் இன்னும் வலிக்கிறது. அதையும் மாற்றுவதா என்று கேட்டோம். “அதை நான் சொல்லுதேன் சாமி, அவசரப்படாதீங்க” என்றார். நாங்களும் காத்திருக்கிறோம்.

இந்த வாரம் உங்கள் வீட்டுப் பெரியவரின் அருகே சற்றுநேரம் அமருங்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். பதில் உடனே வராவிட்டாலும் எழுந்து போய்விடாதீர்கள்.

செபிப்போம்: பெத்சதா குளத்தருகே நின்று கேட்ட ஆண்டவரே, எங்கள் வீட்டுப் பெரியோரின் வலியை நீர் அறிவீர். அறுவை சிகிச்சைக்குச் செல்வோருக்குத் துணிவையும், மருத்துவர்களின் கைகளுக்கு உறுதியையும் தாரும். வேண்டாம் என்று தீர்மானித்தவர்களுக்கு அமைதியைத் தாரும். பராமரிக்கும் மகள்களும் மருமகள்களும் மகன்களும் சோர்ந்துபோகாதபடி காத்தருளும். தனக்கு ஆள் இல்லை என்று எங்கள் பங்கில் ஒருவரும் சொல்லாதபடி, எங்களை ஒருவருக்கொருவர் ஆளாக்கும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக. ஆமென்.